இருட்டுக்கு ஒரு சாக்ஸபோன்: டார்க் ஜாஸ் பிறந்த கதை

ஜாஸ் என்று சொன்னதுமே நம்மில் நிறையப் பேருக்கு மனசுக்குள் ஒரு படம் ஓடும். நடுராத்திரி. மழையில் நனைஞ்ச தார் ரோடு. பாதி எரிஞ்சு பாதி அணையுற நியான் போர்டு. தொப்பியும் நீளக் கோட்டும் போட்ட ஒரு துப்பறிவாளர் காருக்குள்ள உட்கார்ந்து சிகரெட் பிடிக்கிறார். எங்கிருந்தோ ஒரு சாக்ஸபோன் மெதுவா அழுதுக்கிட்டிருக்கு.

இந்தப் படம் நம்ம மண்டைக்குள்ள எப்படி வந்துச்சுன்னு எப்பவாவது யோசிச்சிருக்கீங்களா? நான் கொஞ்ச நாளா இதைத்தான் நோண்டிக்கிட்டிருக்கேன். நோண்ட நோண்ட ஒரு வேடிக்கை தெரிஞ்சுது. இந்தப் படத்தில் பெரும்பகுதி பொய். அதாவது, நாம நினைக்கிற காலத்தில், நாம நினைக்கிற மாதிரி அது நடக்கவே இல்லை. ஆனா அந்தப் பொய்யிலிருந்து நிஜமாவே ஒரு இசைவகை பிறந்து, முப்பது வருஷத்துக்கு மேல உசுரோட இருக்கு. டார்க் ஜாஸ், டூம் ஜாஸ், நுவார் ஜாஸ் என்று ஆளுக்கொரு பேர் வைத்துக் கூப்பிடுகிறார்கள். அதன் கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்தருள்க.

கேட்டா எப்படி இருக்கும்?

முதல் விஷயம், மெதுவு. சாதாரண மெதுவு இல்லைங்க. ஒரு தட்டு விழுந்து, அடுத்த தட்டு வருமா வராதான்னு நமக்கே சந்தேகம் வர்ற அளவுக்கு மெதுவு. டிரம்ஸை குச்சியால் அடிக்க மாட்டார்கள். கம்பி விளக்குமாறு மாதிரி இருக்கும் பிரஷ்ஷை வைத்துத் தோல்மேல் தேய்ப்பார்கள். யாரோ பக்கத்து அறையில் செருப்பை இழுத்து இழுத்து நடக்கிற சத்தம் மாதிரி இருக்கும். டபுள் பாஸ் ஒரு சுரத்தைத் தட்டிவிட்டு அது முழுசா அடங்குற வரைக்கும் காத்திருக்கும். அதுக்கு மேல சாக்ஸபோன். ஊதுகிறவர் முழு மூச்சையும் கொடுக்காமல் பாதிக் காத்தை விட்டே வாசிப்பதால், சுரத்தோடு சேர்ந்து உஸ்ஸென்று மூச்சும் காதில் விழும்.

இந்த வகையில் ரொம்ப முக்கியமான வாத்தியம் ரோட்ஸ் எலெக்ட்ரிக் பியானோ. இதுக்குப் பின்னாடி ஒரு கதை உண்டு. ஹரால்ட் ரோட்ஸ் என்ற அமெரிக்க பியானோ வாத்தியார், இரண்டாம் உலகப் போரில் அடிபட்டுப் படுக்கையில் கிடந்த சிப்பாய்கள் மடியில் வைத்து வாசிக்கும்படி ஒரு குட்டிப் பியானோ செய்து கொடுத்தார். மூலப்பொருள், பி-17 குண்டுவீச்சு விமானங்களின் அலுமினியக் குழாய்கள். பிற்பாடு வந்த ரோட்ஸ் பியானோவுக்கு அதுதான் மூதாதை. இதில் தந்திக்குப் பதிலா மெல்லிய எஃகுக் கம்பிகள். சின்னச் சுத்தியல் கம்பியைத் தட்டும், பக்கத்தில் இருக்கும் காந்தச் சுருள் அந்த அதிர்வை மின்சாரமாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும். அதனால் மணி மாதிரி ஆரம்பிச்சு, தண்ணிக்குள்ள முங்கின மாதிரி முடியும். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்காகப் பிறந்த வாத்தியத்தின் வம்சம் இப்படி ராத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது எனக்கு ரொம்பப் பொருத்தமாத்தான் படுது.

கூடவே வைப்ரஃபோன். அலுமினியப் பட்டைகளுக்குக் கீழே இருக்கும் குழாய்களின் வாயில், மோட்டாரில் சுழலும் சின்னத் தட்டுகள் இருக்கும். அவை திறந்து மூடுவதால் ஒலி அலை அலையா நடுங்கும். எல்லாத்துக்கும் மேல எதிரொலி. ஆளே இல்லாத பெரிய கூடத்தில் வாசிக்கிற பிரமை.

ஒரு நாள் வீட்டு ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுக்கிட்டிருந்தேன். சமையல்கட்டிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாங்க. "ஏன்டா, லோ வோல்டேஜா? பாட்டு இழுக்குதே?" டேப்ரெக்கார்டர் காலத்து ஆள், அவங்களைச் சொல்லிக் குத்தமில்லை. இந்த இசைக்கு இதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை நான் எங்கேயும் படிச்சதில்லை.

நுவார் படங்களில் ஜாஸ் இருந்ததா?

இப்போ அந்தப் பொய்க்கு வருவோம்.

1940-களில் ஹாலிவுட்டில் வந்த இருட்டு நிழல் குற்றப் படங்களைப் பார்த்துவிட்டு, 'கறுப்புப் படம்' என்ற பொருளில் 'ஃபிலிம் நுவார்' என்று 1946-ல் எழுதியவர் நீனோ ஃபிராங்க் என்ற விமர்சகர், பாரிஸில். சரி, அந்தப் படங்களில் என்ன இசை இருந்தது? பெரும்பாலும் ஐரோப்பிய மரபில் எழுதின பெரிய ஆர்க்கெஸ்ட்ரா. 1944-ல் வந்த 'டபுள் இண்டெம்னிட்டி'க்கு இசை ஹங்கேரியில் பிறந்த மிக்லோஷ் ரோஷா. வயலின்களும் பித்தளை வாத்தியங்களும்தான் மிரட்டும். தனி சாக்ஸபோன் ஒண்ணும் மூலையில் உட்கார்ந்து அழாது.

ஜாஸ் வரும், வராமல் இல்லை. ஆனா எப்ப வரும்? ஹீரோ தப்பான இடத்துக்குப் போகும்போது வரும். 1944-ன் 'ஃபேண்டம் லேடி'யில் ஒரு நிலவறையில் நடக்கும் ஜாஸ் காட்சி உண்டு. டிரம்மர் வெறி பிடிச்ச மாதிரி அடிப்பார், வேர்த்துக் கொட்டும். 1950-ல் வந்த 'டி.ஓ.ஏ.' படத்தில் ஹீரோவின் மதுவில் விஷம் கலப்பதே ஒரு ஜாஸ் கிளப்பில்தான். ரெண்டு காட்சியிலும் கவனிங்க, ஜாஸ் மெதுவா இல்லை. தலைதெறிக்கிற வேகம். அன்றைய ஹாலிவுட்டுக்கு ஜாஸ்னா சோகம் இல்லை, கட்டுமீறல். காமம், போதை, கொலை, இதுக்கெல்லாம் அது ஒரு அடையாளச் சீட்டு.

1950-களில்தான் ஜாஸ் முழுப் பின்னணி இசைக்குள் நுழைகிறது. 1951-ல் 'எ ஸ்ட்ரீட்கார் நேம்டு டிசையர்' படத்துக்கு அலெக்ஸ் நார்த். 1955-ல் ஹெராயின் அடிமையைப் பற்றிய 'தி மேன் வித் த கோல்டன் ஆர்ம்' படத்துக்கு எல்மர் பெர்ன்ஸ்டீன். 1958-ல் 'டச் ஆஃப் ஈவில்' படத்துக்கு ஹென்றி மான்சினி. அவரே அதே வருஷம் 'பீட்டர் கன்' என்ற தொலைக்காட்சித் துப்பறியும் தொடருக்கும் இசை போட்டார். துப்பறிவாளரையும் ஜாஸையும் ஒரே கயித்தில் கட்டிப்போட்டது அந்தத் தொடர்தான்னு தாராளமா சொல்லலாம். ஆனா அப்பவும் அதில் வேகம், துடிப்பு, மிடுக்கு. நம்ம மனசுல இருக்கிற அழுகை சாக்ஸபோன் இன்னும் வரலை.

பாரிஸ், 1957 டிசம்பர்

மெதுவான இருட்டு ஜாஸுக்கு ஒரு பிறந்த தேதி வேணும்னா, நான் 1957 டிசம்பர் 4-ஐச் சொல்வேன். அன்று ராத்திரி மைல்ஸ் டேவிஸ் பாரிஸில் ஒரு ரேடியோ ஸ்டூடியோவுக்குள் போகிறார். கூட நாலு பேர்: டெனார் சாக்ஸபோன் பார்னி விலென், பியானோ ரெனே உர்த்ரெஜே, பாஸ் பியேர் மிஷெலோ, டிரம்ஸ் கென்னி கிளார்க். இயக்குநர் லூயி மால், அப்போ இருபத்தஞ்சு வயசுப் பையன், தன் முதல் கதைப்படமான 'அசான்சர் பூர் லெஷஃபோ' படத்தின் காட்சிகளைத் திரையில் திரும்பத் திரும்ப ஓட விடுகிறார். மைல்ஸ் கையில் முழுசா எழுதின இசைத்தாள் கிடையாது. சும்மா கொஞ்சம் சுரக்கோப்பு வரைவு, அவ்வளவுதான். திரையைப் பார்த்துக்கொண்டே வாசிக்கிறார்கள். சில மணி நேரத்தில் வேலை முடிஞ்சு போச்சு.

அந்தப் படத்தில் ஜான் மொரோ தன் காதலனைத் தேடி ராத்திரி நேர ஷான்ஸெலிஸே சாலையில் நடப்பார். ஒளிப்பதிவாளர் ஆன்றி தெகே, கேமராவைக் குழந்தைகளைத் தள்ளிக்கொண்டு போகும் தள்ளுவண்டியில் வைத்துப் படமெடுத்தார். தனி விளக்கு கிடையாது, கடை ஜன்னல்களின் வெளிச்சம்தான். அந்த நடைக்கு மைல்ஸின் டிரம்பெட். ஒவ்வொரு சுரத்துக்கும் நடுவில் அவர் விடுகிற இடைவெளி இருக்கே, அதில்தான் அந்தப் பொண்ணு நடக்கிறாள். வசனம் தேவைப்படலை. இசை என்பது வாசிப்பது மட்டுமில்லை, வாசிக்காமல் விடுவதும்தான் என்று சினிமாவுக்குச் சொல்லிக்கொடுத்த ராத்திரி அது.

இன்னொரு ராத்திரி

இங்கே கதையைக் கொஞ்சம் நிறுத்தி வேறொண்ணு சொல்லணும். ஏன்னா டார்க் ஜாஸ் பற்றி எழுதுகிற பலர் பாரிஸிலிருந்து நேரா அடுத்த கட்டத்துக்குத் தாவிடறாங்க. நடுவில் இருக்கிறதுதான் எனக்கு உறுத்துது.

1959 ஆகஸ்ட் 25. நியூயார்க், பேர்ட்லேண்ட் கிளப். வாசலில் மைல்ஸ் டேவிஸ் பேர் போட்டிருக்கு. 'கைண்ட் ஆஃப் ப்ளூ' தட்டு வெளிவந்து ஒரு வாரம்கூட முழுசா ஆகி ஒரு நாள்தான் கூட. இடைவேளையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை டாக்சி ஏற்றிவிட்டு நடைபாதையில் நிற்கிறார். ஒரு போலீஸ்காரர் வந்து 'இங்கே நிற்காதே, நகரு' என்கிறார். நான் உள்ளே வாசிக்கிறவன் என்று மைல்ஸ் சொல்கிறார், நகரவில்லை. கொஞ்ச நேரத்தில் இன்னொரு போலீஸ்காரர் அவர் தலையில் அடிக்கிறார். ரத்தம் சொட்டச் சொட்ட ஸ்டேஷனுக்குக் கொண்டு போனார்கள். வழக்கும் அவர்மேல்தான் போட்டார்கள். பிறகு கோர்ட்டு அவரை விடுவித்தது.

இது ஏதோ ஒரு போலீஸ்காரரின் கோபம் மட்டும் இல்லை. 1940 முதல் 1967 வரை நியூயார்க்கில் மது விற்கிற கிளப்பில் வாசிக்கணும்னா போலீஸ் கொடுக்கிற கேபரே கார்டு வேணும். போலீஸ் நினைச்சா பிடுங்கிடலாம். பில்லி ஹாலிடேக்கு 1947-ல் போச்சு. தெலோனியஸ் மாங்க்குக்கு 1951-ல் போச்சு, பல வருஷம் அந்த ஊர் கிளப்புகளில் அவரால் வாசிக்க முடியலை. 1959-ல் பில்லி ஹாலிடே சாகக் கிடந்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே போதைப்பொருள் வழக்கில் கைது செய்தார்கள். அறை வாசலில் காவல். ஜூலை 17-ம் தேதி இறந்தார்.

இப்போ அந்த முதல் படத்தைத் திரும்பப் பாருங்க. காரில் உட்கார்ந்திருக்கிற துப்பறிவாளர், பின்னணியில் ஜாஸ். நமக்கு அது ஜோடிப் பொருத்தம். ஆனா அந்த இசையை வாசிச்ச மனுஷனுக்கு? வெளியே காரில் உட்கார்ந்து கவனிக்கிறவன் கதாநாயகன் இல்லை. எந்த நேரமும் உள்ளே வந்து கார்டைப் பிடுங்கக்கூடியவன். திரைப்படம் அந்த ராத்திரியைக் காருக்குள்ளிருந்து பார்த்தது. கிளப்புக்குள்ளிருந்து யாரும் பார்க்கலை.

சாக்ஸபோன் அழ ஆரம்பித்தது

அழுகை சாக்ஸபோன் சினிமாவுக்குள் ஒரு நிரந்தரச் சின்னமாக ஆனது 1970-களில். நுவார் காலம் முடிஞ்சு போய், அதைப் பற்றின ஏக்கம் ஆரம்பிச்ச பிறகு. 1974-ல் 'சைனாடவுன்' படத்துக்கு ஜெர்ரி கோல்ட்ஸ்மித் ஒரு தனி டிரம்பெட்டை வைத்தார். முழு இசையையும் பத்தே நாளில் எழுதி முடித்ததாகச் சொல்வார்கள். 1976-ல் வந்த 'டாக்ஸி டிரைவர்' படத்துக்கு பெர்னார்ட் ஹெர்மன். ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' வயலின் கீச்சல் நினைவிருக்கா? அதே ஆள்தான். நியூயார்க் தெருக்களில் டாக்ஸி ஊர்ந்து போகும்போது அந்த ஆல்டோ சாக்ஸபோன் வழியுமே, அதுதான் அவர் கடைசியா எழுதிய இசை. 1975 டிசம்பர் 23-ம் தேதி ஒலிப்பதிவு முடிஞ்சது, அன்று ராத்திரி தூக்கத்திலேயே போய்விட்டார். 1981-ல் 'பாடி ஹீட்' படத்துக்கு ஜான் பேரி இதே பாதையில் இன்னும் கொஞ்சம் வெக்கையைச் சேர்த்தார்.

ஆக, 1940-களின் நினைவுன்னு நாம நினைக்கிறது 1970-கள் தயாரிச்சுக் கொடுத்த நினைவு. நம்ம ஊரில் மண்வாசனைப் படம் பார்த்துப் பார்த்து, போகாத கிராமத்துக்கு ஏங்கறோம் இல்லையா, அந்த மாதிரி.

அடுத்த பெரிய திருப்பம், 1990 ஏப்ரலில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த 'ட்வின் பீக்ஸ்'. இயக்கம் டேவிட் லிஞ்ச், இசை ஆஞ்சலோ படலமெண்டி. லாரா பால்மருக்கான இசை உருவான விதத்தை படலமெண்டி ஒரு பேட்டியில் ரோட்ஸ் பியானோ முன் உட்கார்ந்தபடியே நடித்துக் காட்டியிருப்பார். லிஞ்ச் பக்கத்தில் உட்கார்ந்து, இருட்டுக் காடு, காத்து, மரங்களுக்கு நடுவே வர்ற ஒரு தனிமையான பொண்ணு என்று வர்ணித்துக்கொண்டே போக, இவர் விரல்கள் பின்தொடர்ந்தன. இன்னும் மெதுவா, இன்னும் மெதுவா என்பதுதான் லிஞ்ச்சின் ஓயாத வேண்டுகோள். அதே தொடரில் பிரஷ் டிரம்ஸ், நடக்கிற பாஸ், வைப்ரஃபோன், விரல் சொடுக்கு எல்லாம் வைத்து ஒரு கள்ளச் சிரிப்பு ஜாஸும் உண்டு. 1992-ல் வந்த 'ஃபயர் வாக் வித் மீ' படத்தின் தொடக்க இசையில் சிரிப்பு போயே போச்சு. மூடி போட்ட டிரம்பெட், தாங்க முடியாத மெதுவு. ரெண்டு பேரும் இன்றைக்கு இல்லை. படலமெண்டி 2022 டிசம்பரிலும், லிஞ்ச் 2025 ஜனவரியிலும் காலமானார்கள்.

இதே காலகட்டத்தில் நியூயார்க்கில் ஜான் ஸோர்ன் நேர் எதிர்த் திசையில் போனார். 1987-ல் 'ஸ்பில்லேன்', துப்பறியும் நாவலாசிரியர் மிக்கி ஸ்பில்லேன் பேரில். சின்னச் சின்ன அட்டைகளில் காட்சிகளையும் ஒலிகளையும் குறித்துவைத்து, அவற்றை வெட்டி ஒட்டின மாதிரி ஒரு நீண்ட இசை. 1990-ல் 'நேக்கட் சிட்டி'. அட்டைப்படத்தில் புகைப்படக்காரர் வீஜி எடுத்த ஒரு பிணம். வேகம், கூச்சல், வெட்டு. இருட்டுக்குப் போக மெதுவுதான் ஒரே வழின்னு இல்லைன்னு காட்டினவர் அவர்.

ரூர் பள்ளத்தாக்கில் நாலு பேர்

எல்லாம் சரி, டார்க் ஜாஸ் என்கிற தனி வகை எங்கே பிறந்தது? நியூயார்க்கிலா? பாரிஸிலா? ரெண்டும் இல்லைங்க. ஜெர்மனியில், ரூர் ஆற்றங்கரையில் இருக்கிற மூல்ஹைம் என்ற ஊரில். நிலக்கரியும் எஃகுமா வாழ்ந்த வட்டாரம். மூல்ஹைமின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 1966-லேயே மூடப்பட்டுவிட்டது. சுரங்கம் மூடின ஊரின் ராத்திரி எப்படி இருக்கும்னு நெய்வேலிப் பக்கம், கோலார் பக்கம் சொந்தம் இருக்கிறவங்க கொஞ்சம் கற்பனை பண்ணிக்கலாம்.

அங்கே ஹார்ட்கோர், மெட்டல் என்று தலையை ஆட்டி வாசித்துக்கொண்டிருந்த பையன்கள் 1992-ல் ஒரு குழு ஆரம்பித்தார்கள். பேர் 'போரன்', ஜெர்மனில் துளையிடுதல்னு அர்த்தம். அடுத்த வருஷம் 'கோர்' என்ற டச்சுக் குழுவுக்கு மரியாதையா வாலைச் சேர்த்து 'போரன் உண்ட் டெர் கிளப் ஆஃப் கோர்' ஆனது. வேகமா வாசிச்சு வாசிச்சு அலுத்துப்போனவர்கள். தங்கள் இசையைப் பற்றி அவர்களே சொன்னது: மெதுவான ஜாஸ் பாட்டு, பிளாக் சபாத்தின் கனம், 'ஆட்டாப்ஸி' என்ற டெத் மெட்டல் குழுவின் சுருதி இறக்கின ஒலி, மூணையும் கலந்த ஒரு கெட்ட கலவை.

1994-ல் முதல் ஆல்பம் 'கோர் மோட்டல்'. 1995-ல் 'மிட்நைட் ரேடியோ', ரெண்டு தட்டு. பாட்டுக்குப் பேர்கூட வைக்கலை. ரெண்டிலும் சாக்ஸபோன் கிடையாது, கிட்டார்தான். 1996-ல் கிட்டார்க்காரர் விலக, அடுத்த வருஷம் சாக்ஸபோனோடு கிறிஸ்டோஃப் க்ளோஸர் வந்து சேர்ந்தார். ஒரு ஆள் மாறினதில் வகையே மாறிப்போச்சு. 2000-ல் 'சன்செட் மிஷன்', 2002-ல் 'பிளாக் எர்த்'. இந்த ரெண்டும்தான் டார்க் ஜாஸின் மூலநூல்கள். 2004-ல் மைக் பேட்டனின் இபெகாக் நிறுவனம் 'பிளாக் எர்த்'தை அமெரிக்காவில் வெளியிட, உலகம் முழுக்கக் காது திரும்பியது.

'சன்செட் மிஷ'னில் இன்னும் நகரம் இருக்கு. பாட்டுத் தலைப்புகளிலேயே நடுராத்திரி நடப்பவன், கறுப்பு நகரத்தின் வானவிளிம்பு என்று பழைய துப்பறியும் கதைப் பொருட்கள். 'பிளாக் எர்த்'தில் நகரம் மங்கிப்போய் மண், கல்லறை, சவப்பெட்டி மிஞ்சுது. 2005-ல் 'கைஸ்டர்ஃபவுஸ்ட்', அதாவது பேய் முஷ்டி. அஞ்சே பாட்டு, அஞ்சுக்கும் கைவிரல்களின் பேர். கதை இல்லை, தெரு இல்லை, வெறும் சுரமும் காத்திருப்பும். அப்புறம் 2008-ல் 'டோலோரெஸ்', 2014-ல் 'பியானோ நைட்ஸ்', 2020-ல் 'பச்சூலி ப்ளூ' என்று நிதானமா வந்துக்கிட்டே இருந்தது.

மெதுவா வாசிக்கிறது சுலபம்னு நினைக்காதீங்க. விளம்ப காலத்தில் தாளம் பிசகாமல் நிறுத்திப் பாடுறது எவ்வளவு கஷ்டம்னு சங்கீதம் கத்துக்கிட்டவங்களைக் கேளுங்க. வேகத்தில் தப்பு ஒளிஞ்சுக்கும். மெதுவில் ஒளிய இடமே கிடையாது.

மற்றவர்கள்

நெதர்லாந்தில் 2000-ல் ஜேசன் கோனன், கிடியன் கியர்ஸ் என்ற ரெண்டு பேர் 'தி கிளிமஞ்சாரோ டார்க்ஜாஸ் என்ஸெம்பிள்' ஆரம்பித்தார்கள். நோக்கம், முர்னாவின் 'நோஸ்ஃபெராட்டு' (1922), ஃபிரிட்ஸ் லாங்கின் 'மெட்ரோபோலிஸ்' (1927) போன்ற மௌனப் படங்களுக்குப் புதுசா இசை போடுவது. வகையின் பேரையே குழுவின் பேரில் வைத்துக்கொண்டார்கள். இந்த கோனன் அதுக்கு முன்னாடி 'போங்-ரா' என்ற பேரில் வெறித்தனமான வேகத்தில் பிரேக்கோர் என்ற எலெக்ட்ரானிக் இசை செய்தவர். போரன்காரர்கள் கதையேதான், வேகத்தின் உச்சிக்குப் போனவன்தான் மெதுவின் அருமை தெரிஞ்சு இறங்கி வர்றான். 2006-ல் முதல் ஆல்பம், 2009-ல் 'ஹியர் பி டிராகன்ஸ்', 2011-ல் 'ஃப்ரம் த ஸ்டேர்வெல்'. கணினி ஒலிகளோடு டிராம்போன், செல்லோ, வயலின், பெண்குரல். இதே ஆட்கள் 'தி மவுண்ட் ஃபூஜி டூம்ஜாஸ் கார்ப்பரேஷன்' என்ற இன்னொரு பேரில் மேடையில் முழுக்க முழுக்க மனோதர்மமாவே வாசித்தார்கள்.

ஃபிரான்ஸின் பிரெஸ்ட் துறைமுகத்திலிருந்து 'டேல் கூப்பர் குவார்ட்டெட் அண்ட் த டிக்டஃபோன்ஸ்'. 2006-ல் 'பரோல் து நவார்', 2011-ல் 'மெட்டமனுவார்'. டேல் கூப்பர் யாருன்னு தெரியும்தானே? 'ட்வின் பீக்ஸ்' தொடரின் எஃப்.பி.ஐ. அதிகாரி. மறுபடியும் துப்பறிவாளர்!

இது ஜாஸா? யாருடைய ராத்திரி?

ஜாஸில் ஊறின நண்பர் ஒருத்தர்கிட்ட போரனைக் கொடுத்தேன். ரெண்டு பாட்டு கேட்டார். "ஸ்விங் இல்லை, ப்ளூஸ் இல்லை, யாரும் யாருக்கும் பதில் சொல்லலை. இது ஜாஸ் இல்லை தம்பி, ஜாஸ் போட்டோ" என்றார். நல்ல அடி. ஸ்விங் பற்றி அவர் சொன்னதை என்னால் மறுக்க முடியாது. ஜாஸின் உயிர் உரையாடல். ஒருத்தர் கேட்க இன்னொருத்தர் பதில் சொல்வது, அந்த நிமிஷத்தில் புதுசா கண்டுபிடிப்பது. போரன் இசையில் நாலு பேரும் ஒரே அறையில் ஆளுக்கொரு மூலையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும்.

எனக்கு உறுத்தினது வேற. கறுப்பின மக்கள் உண்டாக்கின இசை. அவர்களை போலீஸ் அடிச்ச ராத்திரி. அந்த ராத்திரியிலிருந்து ஆளை எடுத்துட்டு, அடியை எடுத்துட்டு, மழையையும் நியானையும் மட்டும் வெச்சுக்கிட்டா அது என்ன கணக்கு? இணையத்தில் 'துப்பறிவாளரின் மழை இரவு' பாணியில் மணிக்கணக்கில் ஓடுற வீடியோக்கள் குவிஞ்சு கிடக்கு. ஜன்னல், மழைத்துளி, மெதுவான சாக்ஸபோன். படிக்கிறதுக்கும் தூங்குறதுக்கும் நல்லாத்தான் இருக்கு. ஆனா அதில் யாருக்கும் எதுவும் வலிக்கலை. சோகம் அங்கே வால்பேப்பர்.

அப்போ 'பிளாக் எர்த்' மட்டும் ஏன் எனக்கு அப்படித் தோணலை? யோசிச்சுப் பார்த்ததில் கிடைச்ச பதில் இது. போரன்காரர்கள் முதலில் அந்த வேஷத்தைப் போட்டார்கள், உண்மைதான். ஆனா ஒவ்வொரு ஆல்பத்திலும் ஒவ்வொண்ணா கழட்டிக்கிட்டே வந்தார்கள். முதலில் கார் போச்சு, அப்புறம் துப்பறிவாளர், அப்புறம் நகரமே போச்சு. கடைசியில் மிஞ்சினது மூல்ஹைம்காரர்களின் சொந்த மௌனம். நியூயார்க் கறுப்பரின் வலியை நாங்க பாடறோம்னு அவங்க எங்கேயும் நடிக்கலை. ஜாஸிடம் அவங்க கடன் வாங்கினது ஒண்ணே ஒண்ணு, 1957-ல் பாரிஸில் மைல்ஸ் காட்டிக்கொடுத்த அந்த இடைவெளி. அதை வாங்கித் தங்கள் ஊர் இருட்டை அதுக்குள்ள ஊத்திக்கிட்டாங்க. கடன் வாங்குறது தப்பில்லை, யார்கிட்ட வாங்கினோம்னு மறக்கிறதுதான் தப்பு.

கேட்கிறவங்களுக்கும் இதில் ஒரு பங்கு இருக்குன்னு நினைக்கிறேன். இந்த இசையைக் கேட்கும்போது காருக்குள்ள உட்கார்ந்திருக்கிறவன் காதால் கேட்காமல், கிளப்புக்குள்ள வாசிச்சிட்டு, வெளியே காத்து வாங்க வரலாமா வேண்டாமான்னு யோசிக்கிறவன் காதால் கேட்டுப் பாருங்க. அதே சுரம்தான். ஆனா அந்த இடைவெளிகளில் வேற சத்தம் கேட்கும்.

புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு என் வரிசை இது:

1. மைல்ஸ் டேவிஸின் 'அசான்சர் பூர் லெஷஃபோ'. முடிஞ்சா படத்தோடவே.
2. 'ஃபயர் வாக் வித் மீ' தொடக்க இசை.
3. போரனின் 'சன்செட் மிஷன்', அது பிடிச்சா மட்டும் 'பிளாக் எர்த்'.
4. கிளிமஞ்சாரோவின் 'ஃப்ரம் த ஸ்டேர்வெல்'.
5. எல்லாம் முடிஞ்சப்புறம் பில்லி ஹாலிடே. அவங்க டார்க் ஜாஸ் இல்லைதான். ஆனா இருட்டுன்னா என்னன்னு தெரிஞ்சுக்கிட்டுப் பாடினவங்க.

ராத்திரி பத்து மணிக்கு மேல, வேற வேலை இல்லாதப்போ, ஒரே மூச்சில் ஒரு ஆல்பம் முழுசா கேளுங்க. துண்டு துண்டா கேட்டா இது வேலைக்காகாது. ரெண்டாவது பாட்டிலேயே தூக்கம் வந்தாலும் தப்பில்லை, எனக்கும் வந்திருக்கு :-)

மெட்டல் கேட்கிற மக்கள், கர்னாடக சங்கீத மக்கள், ராஜா ரசிகர்கள், எல்லாரும் கேட்டுட்டு என்ன தோணுதுன்னு பின்னூட்டத்தில் சொல்லுங்க. குறிப்பா அந்த நண்பர் கேட்ட கேள்விக்கு, 'இது ஜாஸா, ஜாஸ் போட்டோவா?', உங்க பதில் என்ன?